திரை போட்ட மெஷின்

பை தைக்கும் தெருவில் முதல் கம்ப்யூட்டர் தையல் மெஷினை வாங்கிய மாப்பிள்ளை, மறுநாளே அதைச் சுற்றித் திரை கட்டிவிட்டார். ஒரு மாதமாகத் திரைக்குப் பின்னால் பகலெல்லாம் 'டகடக' சத்தம். அவருக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்த எதிர்க்கடை மச்சானுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"உள்ளே அப்படி என்னதான் தைக்கிறார் உன் வீட்டுக்காரர்?" என்று தங்கையைக் குடைந்தார்.

"எனக்கே காட்ட மாட்டேங்கறாருண்ணே."

"ஒரு பைகூட வெளியே வரலையே?"

"நேரா ஏற்றுமதியோ என்னவோ!"

அந்த ஒரு வார்த்தை தெருவுக்கே பைத்தியம் பிடிக்க வைத்தது. எட்டுக் கடைகளில் அதே மெஷின் வந்து இறங்கியது.

"ஊரே முன்னால ஓடும், நாம மட்டும் பெடல் மிதிக்கணுமா?" என்று மனைவியிடம் குதித்த மச்சானும் ஒன்றை வாங்கினார். அதை ஓடவிட்ட கையோடு மாப்பிள்ளை கடைக்குப் பாய்ந்தார்.

"மாப்ளே, நானும் வாங்கிட்டேன்! இனிமே என்ன ரகசியம்?"

மச்சானே திரையை விலக்கினார். மெஷின் அசையாமல் நின்றது. பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் மட்டும் 'டகடக' என்று உழைத்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை அவரைத் தாவிக் கட்டிக்கொண்டார். "மச்சான், நீங்கதான் பத்தாவது! இது வந்த அன்னிக்கே படுத்துடுச்சு. ஒத்த மெஷினுக்கு ஆள் அனுப்ப முடியாது, பத்து இருந்தா தெருவிலேயே சர்வீஸ் சென்டர் போடறோம்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். நாளைக்கே வர்றாங்க!"

மச்சான் வாயைத் திறப்பதற்குள் எதிர்க்கடையிலிருந்து அவர் மனைவி அலறினாள். "என்னங்க, நம்ம மெஷின் நின்னுபோச்சு!"

"பயப்படாதீங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "எனக்கு அடுத்த டோக்கன் உங்களுக்குத்தான்."