அடிக்கு முந்திய அலறல்

இரும்பனின் முஷ்டி தீப்பொறியின் தாடையில் இறங்குவதற்கு அரை விநாடி முன்பே அவள் அலறிவிட்டாள்.

இது மூன்றாவது தடவை.

"அக்கா, அடி விழறதுக்கு முன்னாடியே கத்துறீங்க!" ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

மீசை முளைக்காத சூரர்கள் ஐந்து பேர் உலகத்தைக் காப்பாற்றும் கார்ட்டூன் தொடர் அது. கடைக்குட்டி தீப்பொறிக்கு நான்கு வருடமாக அவள்தான் குரல். நாற்பத்தொரு வயதுப் பெண்ணின் தொண்டையில் பதினான்கு வயதுப் பையன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

இன்றைக்கு என்ன கேடு வந்ததோ, மானம் போகிறது. இன்னொரு தடவை சொதப்பினால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வீட்டைவிட்டு வெளியே வர அவளுக்கு இருக்கிற ஒரே சாக்கு இந்த வேலைதான்.

இங்கே எல்லோரும் தனித்தனியாகப் பேசிவிட்டுப் போவார்கள். தொடருக்குப் புதிதாக வந்த வில்லன் இரும்பனின் குரல் நேற்றே பதிவாகிவிட்டது. அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அவள் அடி வாங்க வேண்டும்.

அடிப்பதற்கு முன் இரும்பன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பான். அவ்வளவுதான். அவள் தோள் காதுவரை ஏறிவிடும். வாய் தானாக அலறிவிடும்.

"அந்தக் குரலை எடுத்துடுங்க," என்றாள்.

எடுத்தார்கள். திரையில் பையனின் தாடை உடைந்தது. விலா நொறுங்கியது. ரத்தம் துப்பினான். எந்த அலறலும் இம்மி பிசகவில்லை. டைரக்டர் "அடடா!" என்று துள்ளினார்.

அடுத்தது தீப்பொறி திருப்பி அடிக்கும் இடம். மொத்தம் ஏழு குத்து.

"இப்ப அந்தக் குரலைப் போடுங்க."

மூச்சு வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்காற்றைக் குத்தினாள். அடிவயிற்றிலிருந்து உறுமினாள். ஏழாவது குத்தில் இரும்பன் மண்ணைக் கவ்வினான். படம் நின்றுவிட்டது.

அவள் நிறுத்தவில்லை. எட்டு. ஒன்பது. பதினொன்று. மைக் ஸ்டாண்டு கவிழ்ந்து விழுந்தது.

"அக்கா, போதும்! ஆள் செத்தே போயிட்டான்!" டைரக்டர் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் வெளியில காத்துக்கிட்டிருக்காரு. இரும்பனுக்குத்தான் நேத்தே குரல் குடுத்து முடிச்சுட்டாரே, உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருப்பாரு."

அவளுக்கு மூச்சு வாங்கியது. இப்போது பயம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை.

மடக்கிய விரல்களைப் பிரிக்காமலே, "உள்ள வரச் சொல்லுங்க," என்றாள்.