திருப்பி அனுப்பியவர்

"அந்த ஆளு மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாருங்க," என்றாள் லின்சி.

யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பக்கூடிய திறந்த மூலப் பாதுகாப்பு மென்பொருள் அது. அதிலிருந்த ஓர் ஓட்டையை அடைக்க மாதக்கணக்கில் உழைத்திருந்தாள். புனைபெயரில் ஒளிந்திருந்த சரிபார்ப்பாளரோ, 'இது போதாது' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்.

"அவன் கெடக்கான் மடையன்!" கணவன் ரெஜின் பொங்கினான். "வேதாரண்யம் உப்பளத்துல உச்சி வெயில்ல நிக்க வைக்கணும் அவனை. உன் வேலை தங்கம்டி."

"நெசமாவா?"

"மாதா சத்தியமா!"

"இன்னும் சொல்லுங்க."

அவன் திட்டத் திட்ட, அவள் மனத்தின் கசப்பு விளையாட்டாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்தாள்.

"என்ன பண்றே?"

"நீங்க சொன்னதை அப்படியே உங்க பேர் போட்டு, எல்லாரும் பாக்குற திட்டப் பக்கத்துல போட்டுட்டேன்."

பதிவு ஏறிய மறுநொடியே ரெஜினின் சட்டைப் பையில் கைப்பேசி சிணுங்கியது. அவன் முகம் வெளுத்தது.

"திருப்பி அனுப்பினவர்தானே பதில் சொல்லணும்? சொல்லுங்க," என்றாள் லின்சி. "பாதுகாப்பைச் சரிபார்க்கிற மனுஷன், லேப்டாப்பைப் பூட்டாம குளிக்கப் போகலாமா?"