வேகம் குறை

புதிய ஆறுவழிச் சாலையில் ஆள் கடப்பதைக் கண்டறியும் கேமரா வைத்த நாளிலிருந்து பொறியாளருக்கு ஒரே தலைவலி. ஓரிடத்தில் ஆளே இருக்காது. ஆனால் "ஆள் கடக்கிறார், வேகம் குறை" என்று எச்சரிக்கைப் பலகை எரியும். லாரிகள் பிரேக் போட்டு வரிசைகட்டி நிற்கும். கேமராவை மாற்றியும் பார்த்தாயிற்று. திட்டெல்லாம் அவருக்குத்தான்.

"சனியன்! அந்த இடத்துல யார் வந்தாலும் கண்டுக்காதேன்னு அதுக்குச் சொல்லித் தொலைம்மா," என்று கட்டுப்பாட்டு அறைப் பெண்ணிடம் கத்தினார்.

மதியம் அவரே அந்த இடத்துக்குப் போய், நடுத் தடுப்பின் இடைவெளியில் நின்று போன் செய்தார். "நான் தெரியறேனா?"

"நல்லாத் தெரியறீங்க சார். பலகை எரியல. தொல்லை விட்டுது."

அப்பாடா என்று மூச்சு விட்டார். லாரிகள் வேகம் குறையாமல் வந்துகொண்டிருந்தன.

சாலையைக் கடக்கக் குழந்தையைப் பிடிப்பதுபோல ஒரு கை அவர் மணிக்கட்டைப் பற்றி, முன்னால் இழுத்தது.