அரசியல் விஞ்ஞானத்துக்கு ஓர் ஆள் குறைகிறது

“இதைப் படிச்சா என் புள்ள எம்.எல்.ஏ. ஆவானா சார்?”

கேட்டவர் எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை, கட்சிக் கரை போட்ட துண்டு, மைக்கே தேவைப்படாத குரல். பெயர் வடிவேலு. அடையாற்றுக் கரையோரம் வீடு. மகனுக்காக எழுதிய விண்ணப்பத்தைச் சுருட்டிக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

கேட்கப்பட்டவர் தனபாலன். அந்தத் தனியார் கல்லூரியில் அரசியல் விஞ்ஞானத்துக்கென்று இருந்த ஒரே ஆசிரியர் அவர். பத்துப் பேராவது சேராவிட்டால் பாடத்தையே மூடிவிடுவதாகப் பிரின்சிபால் கறாராகச் சொல்லிவிட்டார். சேர்ந்தது ஒன்பது பேர். அட்மிஷனோ இன்றோடு முடிகிறது. பாடம் போனால் வாத்தியார் எதற்கு? மந்தைவெளி வாடகை வீட்டில் மனைவி புஷ்பம் தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள்.

வடிவேலுவின் முதுகுக்குப் பின்னால் நின்ற தலைமை குமாஸ்தா கருணாகரன், ‘ஆமான்னு சொல்லித் தொலையுங்க சார்’ என்று கண்ணாலேயே கெஞ்சினார். தனபாலன் மேல் அவருக்கு நிஜமான பிரியம்.

என்ன செய்வது? பாழாய்ப்போன வாய்க்குப் பொய் வரவில்லை.

“அப்படிச் சொல்ல முடியாதுங்க. வைத்தியத்துக்குப் படிக்கிறவர் வியாதி ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கிறார். வியாதியை வாங்கிக்கிறதுக்கா படிக்கிறார்? இதுவும் அந்த மாதிரிதான்.”

வடிவேலு சிரிக்கவில்லை. அப்புறம் இன்னாத்தான் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

தனபாலன் சொன்னார். ஒருவர் இட்ட உத்தரவுக்கு ஊரே ஏன் கட்டுப்படுகிறது, எப்போது கட்டுப்பட வேண்டியதில்லை, சட்டம் போடுகிறவரைத் தட்டிக் கேட்பது யார், அதிகாரம் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும், இதையெல்லாம் உலகத்தில் யார் யார் எப்படி யோசித்தார்கள் என்று சொல்லச் சொல்ல, வேலை போகப்போவதே மறந்து குரலில் ஓர் உற்சாகம் வந்துவிட்டது. எவ்வளவு அருமையான பாடம்! இதற்குப் போய் ஆள் கிடைக்கவில்லையே என்று மனம் ஆறவில்லை.

“மேடையில பேசறதுக்கு?”

“அது இங்கே பாடமில்லைங்க.”

“ஓட்டு வாங்கறதுக்கு, ஆள் சேக்கறதுக்கு?”

“அதுவும் இல்லை.”

வடிவேலுவின் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. கருணாகரனுக்குத்தான் பொறுக்கவில்லை, பாய்ந்து முன்னால் வந்தார்.

“சார் சும்மா தன்னடக்கத்துல சொல்றாரு. இங்க படிச்சவன் நேரா கோட்டைக்குத்தான் போவான். உங்க பையன் மந்திரியே ஆயிடுவான், பாருங்க.”

அவ்வளவுதான். வடிவேலு விருட்டென்று எழுந்தார். விண்ணப்பத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

ஆளுக்கொன்றாகப் பேசினால் எவர்தான் நம்புவார்? போச்சு, எல்லாம் போச்சு என்று தனபாலன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் அந்த மனிதர் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு போவதை அவரால் தாங்க முடியவில்லை.

“ஐயா, நில்லுங்க. இவர் என் மேல உள்ள பாசத்துல சொல்றார். நம்பாதீங்க. இதை ஒழுங்காப் படிச்சவன் யாருக்கும் கண்ணை மூடிக்கிட்டு கோஷம் போட மாட்டான். தலைவரே சொன்னாலும் ஏன், எதுக்குன்னு கேப்பான். அப்படிப்பட்டவனை எந்தக் கட்சியும் ஒரு மாசம்கூட வெச்சுக்காது.”

வாசற்படியில் வடிவேலு திரும்பினார்.

“நெசமாவா சார்? வெச்சுக்க மாட்டாங்களா?”

“சத்தியமா.”

கருணாகரன் தலையில் அடித்துக்கொண்டார்.

வடிவேலு மெதுவாக வந்து மறுபடி உட்கார்ந்தார். கசங்கிய விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவிச் சமப்படுத்தினார். இத்தனை நேரம் கணீரென்று ஒலித்த குரல் இப்போது கம்மியது.

“ஆவான்னு சொல்லியிருந்தீங்கன்னா இதக் கிழிச்சுப் போட்ருப்பேன் சார். நான் ரெண்டு தபா ஜெயிச்ச கவுன்சிலரு. போன தபா ஜெயிச்ச அன்னிக்கு வூட்டு மேல வந்து வுழுந்த கல்லுல என் பொஞ்சாதிக்கு ஒரு கண்ணு போச்சு. என் புள்ள ஜவஹரு இன்னான்னா, கொடியத் தூக்கிக்கினு என் பின்னாடியே வந்துக்கினு கீறான். படிச்சா அரசியல்தான் படிப்பேன்னு வேற குதிக்கிறான். அம்மை குத்திக்கினா அம்மை வராதுன்றாங்களே, அது மாரி நீங்களே அவனுக்குக் குத்தி வுடுங்க சார்.”