ராணிக்காக ஒரு ஓட்டு

"நானூத்திப் பன்னெண்டு பேர் ராணியை எரிக்கச் சொல்றாங்க. ஒரே ஒரு ஆள்தான் வேண்டாம்ங்கறாங்க" என்று செல்போனைப் பார்த்துச் சிரித்தாள் ஆஃப்ரின்.

அக்கா ரம்ஷாவின் காதில் அது பாதிதான் விழுந்தது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பெரியகுளம் தெரியும். விடியற்காலைப் பனி தண்ணீரின் மேல் அசையாமல் கிடந்தது. அதற்குள்ளிருந்து எந்த நிமிடமும் ஆர்தர் ராஜாவின் படகு வெளியே வரும்போல அவளுக்கு இருந்தது.

பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் ஆர்தர். எங்கோ இங்கிலாந்தில் கிடந்த பழங்கதையை எட்டு மாதமாக ஒரு கதை ஆப்பில் தன் இஷ்டத்துக்கு எழுதி வந்தாள். கோட்டையைத் தன் ஊர் நொய்யல் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தாள். வட்ட மேசையை வேங்கை மரத்தில் செய்தாள். வீரர்களின் குதிரைகளுக்கு நொய்யலில் தண்ணீர் காட்டினாள்.

இப்போது ராணி மாட்டிக்கொண்டாள். ராஜாவின் உயிர் நண்பனோடு பழகிய குற்றம். என்ன தண்டனை என்று வாசகர்களிடமே ஓட்டுக்கு விட்டிருந்தாள் ரம்ஷா.

"யாருடி அந்த ஒரு ஆள்?"

"பழனியாத்தாள், தொண்டாமுத்தூர். 'ராணியை விட்டுருங்க அம்மணி.' தினமும் இதே கமெண்ட்தான். கீழே எல்லாரும் கலாய்க்கறாங்க பாரு. 'அவ மேல உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை, நீங்களும் அந்த ரகமா'ன்னு ஒருத்தன் கேட்டிருக்கான்."

ரம்ஷாவுக்கும் சிரிப்பு வந்தது. பதில் எழுதினாள்: "ராஜாவுக்குத் துரோகம் செய்தால் தீ வைப்பதுதான் அந்தக் காலத்துச் சட்டம். சரித்திரத்தை மாற்ற முடியாதுங்க."

உடனே பதில் வந்தது. "குதிரைங்க நொய்யல்ல தண்ணி குடிச்சதும் சரித்திரமுங்களா?"

ஆஃப்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். ரம்ஷா சிரிக்கவில்லை.

மறுநாள் தனியாக ஒரு செய்தி வந்தது. "ஞாயித்துக்கெழமை வந்தீங்கன்னா ரெண்டு வார்த்தை பேசலாமுங்க. தொண்டாமுத்தூர் பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்."

ரம்ஷா கிளம்பிவிட்டாள். உண்மையைச் சொன்னால், அந்தப் பொம்பளை எப்படி இருப்பாள் என்று பார்க்கிற ஆசைதான்.

பஸ் போகப் போக மலை கிட்டே வந்தது. உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. கோட்டையை அங்கேயே வைத்திருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டே இறங்கினாள்.

ஸ்டாப்பில் பெண் யாரும் இல்லை. வெளுத்த சட்டை போட்ட, ஐம்பது தாண்டிய ஒருவர் எழுந்து வந்தார். உள்ளங்கையெல்லாம் தேங்காய் மட்டைக் கறை.

"ஏனுங்க, ரம்ஷா அம்மணிங்களா? நான் அங்கப்பனுங்க. பழனியாத்தா பேர்ல எழுதறது நான்தானுங்க. போனு அவளுக்குன்னு வாங்குனது. ஆனா அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்க. தோப்புல இருந்து வந்ததும் நான்தான் உங்க கதையைப் படிச்சுக் காட்டுவேன்."

அண்ணன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ரம்ஷா.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஊட்டுக்கே கூப்பிட்டிருக்கோணும். நான் இதையெல்லாம் பேசறேன்னு தெரிஞ்சா அவ சங்கடப்படுவாளுங்க. ராணியை இழுத்துட்டுப் போற இடம் வந்துச்சுங்களே, அன்னிலிருந்து சரியாச் சோறு திங்கறதில்லை. 'எரிச்சுப்போடுவாங்களா, எரிச்சுப்போடுவாங்களா'ன்னு கேட்டுட்டே இருக்கறா."

"வெறும் கதைதானுங்களேண்ணா."

அவர் டம்ளரைக் கையில் உருட்டினார்.

"பதினோரு வருசம் முன்னால, கட்டுனவனை விட்டுப்போட்டு இன்னொருத்தன்கூடப் போயிட்டாளுங்க. போன மாசியிலதான் திரும்பி வந்தா. ஊருக்குள்ள ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்லை. சாயங்காலம் ஆனா உங்க கதை ஒண்ணுதானுங்க அவளுக்கு."

ரம்ஷாவுக்கு முகம் சுட்டது. 'நீங்களும் அந்த ரகமா' என்று கமெண்டில் ஒருத்தன் கேட்டது நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டுவிட்டு அவளும்தான் சிரித்தாள்.

"ராணிக்காக மட்டும் கேக்கலீங்க அம்மணி" என்றார் அங்கப்பன் மெதுவாக. "அவளை எரிச்சுப்போட்டு, அந்த ராஜா அத்தனை பெரிய கோட்டைக்குள்ள ஒத்தையில என்னங்க பண்ணுவாரு? யாருகிட்டப் பேசுவாரு?"

ரம்ஷா மலையைப் பார்த்தாள். எட்டு மாதமாக ராஜாவின் வாளைப் பற்றி எழுதியிருக்கிறாள், கிரீடத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள். சண்டை முடிந்து கோட்டைக்குத் திரும்பினால் அவர் யாரோடு பேசுவார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மேகம் தோப்பு வரைக்கும் இறங்கி வந்தது. அதற்குள் ஒரு படகு தெரிந்தது. ராஜா துடுப்புப் போடுகிறார். எதிரே ராணி, ஈரப் புடவையோடு, தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த அத்தியாயம் அவளுக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது.

"எரிக்கலீங்கண்ணா. நானூத்திப் பன்னெண்டு பேரும் திட்டுவாங்க, திட்டட்டும். இன்னைக்குச் சாயங்காலமே போட்டுடறேன். அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க."

அவர் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

பஸ் வந்தது. ஏறப் போனவள், கேட்காமல் இருக்க முடியாமல் திரும்பினாள்.

"ஏனுங்ணா, அத்தனை வருசம் கழிச்சு வாசல்ல வந்து நின்னப்ப, அவங்க வீட்டுக்காரர் என்னங்க சொன்னாரு?"

அங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"'சாப்பிட்டயா கண்ணு'ன்னு கேட்டேனுங்க."