எட்டு பத்து டிராம்

"பார்த்தியா, இன்னைக்கும் எட்டு பதினாலு!"

சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். எட்டு பத்துக்குக் கிளம்ப வேண்டிய டிராம் நிறுத்தத்தில் ஆற அமர நின்றுகொண்டிருந்தது. எப்போதும் உம்மென்று இருக்கும் டிரைவர் கீழே இறங்கி, ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை.

"நாமளும் இப்பதானேங்க வந்து சேர்றோம்?"

"இவன் லேட்டா எடுப்பான்னு தெரிஞ்சுதானே நிதானமா வர்றோம்!"

தொழிற்சாலையில் ஷிப்டுக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் அவர் யாரையும் உள்ளே விட்டதில்லை. அப்படிப்பட்டவரை வெளிநாட்டுக்கு இழுத்து வந்தது மனைவியின் ஆசை. "பத்து நாள்ல பத்து ஊர் வேண்டாம். ஒரே ஊர்ல ஒரு மாசம் இருப்போம். பிள்ளைங்க கால் போற போக்குல நாமளும் போவோம்."

வாடகைக்கு எடுத்திருந்த மேட்டு வீட்டிலிருந்து நிறுத்தம் வரை ஐந்து நிமிட இறக்கம். பிள்ளைகளோடு வந்தால் அரை மணி நேரம். ஆறு வயதுப் பெரியவள் பனிமூட்டத்தை உள்ளங்கையில் பிடித்து மூடுவாள். திறந்தால் ஒன்றும் இருக்காது. மறுபடி பிடிப்பாள். மூன்று வயது வாண்டு ஒவ்வொரு வாசல் கதவுக்கும் நின்று, கீழே நிறுத்தம் வரை கேட்கும்படி 'குட் மார்னிங்' சொல்லுவான். கீழே கடல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத வெள்ளை.

சில காலைகளில் என்ன கிழமை என்பதுகூட அவருக்கு மறந்துபோகும். சுகமாகத்தான் இருந்தது. நிறுத்தம் வந்ததும் கடிகாரம் ஞாபகம் வந்துவிடும்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கப்பல். மாதக் கடைசியில் கூட்டிப் போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்த தீவுக்கு அது வாரம் ஒரு முறைதான் போகும்.

"கப்பல் தூங்குமாப்பா?" என்று பிள்ளைகள் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கும் இவன் கண்ணாடி துடைச்சுட்டு நின்னா கப்பல் போயிடும். இன்னைக்கே ஒரு புகார் கொடுத்துடறேன்."

"ஐயோ, பாவங்க. அவர் வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

"என்கிட்ட வேலை பார்த்திருந்தா ரெண்டாம் நாளே மெமோ!"

நிறுத்தத்தை ஒட்டிய சின்ன அலுவலகத்தில் புகுந்து, கைபேசியில் தமிழில் பேசினார். அது அந்த ஊர் மொழியில் ஒப்பித்தது. அங்கிருந்த பெண் அவரை ஒரு நொடி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ஏழரைக்கே பெட்டிகளோடு கிளம்பிவிட்டார்கள். ஆனால் வாண்டு எல்லாக் கதவுகளுக்கும் டாட்டா சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கதவை விட்டுவிட்டோம் என்று அழுதான். திரும்ப ஏறினார்கள்.

அன்று பனி இல்லை. பாதி இறக்கத்திலிருந்தே எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. டிரைவர் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார். மேட்டை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். மணி அடித்தது.

"ஏய்! நில்லுப்பா! நில்லு!"

பெட்டியை இழுத்துக்கொண்டு சூப்பர்வைசர் ஓடினார். டிராம் வளைவில் மறைந்துவிட்டது. அடுத்தது ஒன்பது மணிக்குத்தான்.

"கப்பல் நம்மள விட்டுட்டுப் போயிடுமாப்பா?" பெரியவளின் குரல் உடைந்தது.  அவருடைய ஆத்திரம் முழுவதும் அலுவலகப் பெண் மேல் பாய்ந்தது.

"நாங்க வந்துட்டிருக்கறது தெரிஞ்சே எடுத்துட்டுப் போறான்! என்ன அநியாயம் இது?"

அவள் சொன்னதைக் கைபேசி உணர்ச்சியில்லாத குரலில் தமிழாக்கியது. "சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. நீங்கள் கேட்டபடி."

"அப்போ ஒரு மாசமா மட்டும் ஏன் லேட்டு?"

 டிரைவர்கள் கிளம்பும் முன் கையெழுத்திடும் நோட்டை அவள் அவர் பக்கம் திருப்பி வைத்தாள். தாமதம் என்றால் காரணமும் எழுத வேண்டும். பதினோரு வருடத்து நோட்டுகள் பின்னால் அலமாரியில் இருந்தன. அவற்றில் இந்த டிரைவர் பெயரில் ஒரு தாமதம்கூட இல்லை என்றாள்.

சூப்பர்வைசர் கைபேசியை நோட்டின் மேல் பிடித்தார். அது ஒவ்வொரு வரியாகப் படித்தது.

"மூன்றாம் தேதி. நான்கு நிமிடத் தாமதம். குழந்தைகள் இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள்."

"நான்காம் தேதி. ஐந்து நிமிடத் தாமதம். குழந்தைகள் இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள்."

அவர் விரல் பக்கங்களைத் தாண்டி, கடைசி வரியில் வந்து நின்றது.

"இன்று. தாமதம் இல்லை. குழந்தைகள் இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள். காத்திருக்க எனக்கு அனுமதி இல்லை."