எருக்குழியில் கோரை

விடிந்ததிலிருந்து கௌரியம்மாள் கத்தரிப் பாத்தியில் குந்தியபடியே நகர்கிறாள். கோரைப்புல்லை மேலே பிடித்து இழுத்தால் தாள் மட்டும் அறுந்து கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். அதனால் ஆழமாகக் கொத்தி, கறுத்த கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போடுகிறாள். விட்டுவைத்தால் கத்தரி இந்த வருஷமும் போச்சு. மலைக்கோயிலின் உச்சிக்கால மணி கேட்கையில் கூடை நிறைகிறது, இடுப்பு நிமிர மறுக்கிறது. வரப்பில் அக்கா புருஷன் பச்சையப்பன் வந்து நிற்கிறார். இரண்டு நாள் இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போய்வந்தவர். அங்கே மாட்டிய அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து இன்னும் கழற்றவில்லை. “எதையும் வீணாக்கக் கூடாது கௌரி, இதுவும் உரந்தான்” என்று ஒரு கையில் வீடியோ ஓடும் செல்போனுக்குச் சொல்லிவிட்டு, மறுகையால் கூடையைத் தூக்கி எருக்குழியில் கவிழ்க்கிறார். ஈரச் சாணத்தில் கிழங்குகள் சுகமாகப் புதைகின்றன. “ஏன் பாவா, இந்த எருவத்தான வர்ற ஆடில இதே பாத்திக்குக் கொட்டுவோம்? அத்தினியும் மறுபடி முளைக்குமே!” “ஆங், இயற்கைன்னா சுழற்சிதாம்மா. அதத்தான் சொல்லிகினு இருக்கேன்.” கௌரியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழச் சாணத்தில் இறங்குகிறாள். “அப்படியே நில்லு, வீடியோல நல்லா வருது” என்கிறார் அவர். அவள் குனிந்தபடியே கையை மேலே நீட்டுகிறாள். “கூடையக் குடுங்க பாவா.”